எந்த ஊரு, எந்தத் தெரு?

போன மாதம் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி. காப்பித் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளை. பேச்சுவாக்கில் சொன்னார்: "மலையில பஸ்ஸ விட்டா வேற கதி இல்லண்ணா. சேலத்துல எறங்கிட்டா பைக் டாக்சிதான். டவுன் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரம்மா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கும். பைக்காரரு ஓடிபி மட்டும்தான் கேப்பாரு."

இளசுகளுக்குச் சொகுசு கேட்கிறது என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. நமக்குத் தெரியும். 1901இல் மசூர் ரயிலடியில் சிறுவன் அம்பேத்கருக்கு இரட்டைக் கூலி கொடுத்தும் மாட்டுவண்டிக்காரன் ஓட்ட மாட்டேன் என்றான். பிள்ளைகளே ஓட்டினார்கள், அவன் கூட நடந்து வந்தான். 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரன் மறுத்ததால் ஓட்டத் தெரியாத நம் ஆள் ஓட்டினார். தூக்கியெறியப்பட்டுக் காலெலும்பு முறிந்தது பாரிஸ்டர் அம்பேத்கருக்கு. ஆகவே, சாதி கேட்காமல் ஒரு வண்டி வந்து நிற்பது சின்ன விஷயமல்ல. அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தோழர்களே, இறங்குமிடம் 'அம்பேத்கர் காலனி' என்று போட்டால் சாதி தெரியாதா? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி லைன் வீட்டு வாசலுக்கு எந்த ஆப் வண்டி வருகிறது? காசிருக்கிறவன் ஒவ்வொருவனாக இறங்கிப் போனால், பழம் பறித்துக் கூலி வாங்கும் அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒரு டிரிப்பையும் 'கலெக்‌ஷன் இல்லை' என்று வெட்டிவிடுவான்.

பஸ் நமக்குச் சும்மா கிடைத்ததுமல்ல. 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி வெறியர்கள் கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களின் பெயரையும் அழித்தது. சேலத்து பஸ்ஸிலிருந்த அண்ணாவின் பெயரும் அப்போதுதான் போனது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சைக்குப் போன நம் மாணவனை பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு வெட்டினார்கள். எல்லோரும் ஒன்றாய் உட்காரும் இடம் என்பதால்தான் பஸ் மீது அவர்களுக்கு இத்தனை ஆத்திரம். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது யாருக்கு லாபம்?

ஆப் வண்டி ஓட்டுகிறவனும் பாதி நம்ம பையன்தான். வங்கிக் கவுண்ட்டரில் தவணை கட்ட வரும் அவன் முகத்தை நான் தினம் பார்க்கிறேன். 2023இல் தமிழக அரசு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. வாரிய அட்டை வேறு, தொழிலாளி என்ற உரிமை வேறு.

எனவே நாம் கேட்க வேண்டியது மூன்று. கல்லூரி விடும் நேரத்துக்கு மலைக் கிராமங்களுக்கு பஸ். பஸ்ஸில் நடக்கும் சாதி வன்கொடுமைக்கு அன்றைக்கே வழக்கு. ஆப் ஓட்டுநருக்குத் தொழிலாளர் உரிமை.

சேலத்தில் இறங்கும்போது அந்த மாணவியிடம் சொன்னேன்: "அடுத்த தடவ அந்தம்மா கேட்டா, நீங்க எந்தத் தெருன்னு திருப்பிக் கேளும்மா." சிரித்தார். அன்றைக்கும் பைக்கில்தான் போனார். அவர் பயமில்லாமல் ஏறுகிற பஸ்ஸை உண்டாக்குவது அவர் ஒருத்தர் தலையில் கட்டுகிற வேலையல்ல, நம் எல்லோருடைய வேலை.