உழைத்தவர் காசு உழைத்தவருக்கே: மருத்துவச் சேமிப்புக் கணக்குகள் குறித்து அமெரிக்கத் தமிழ் ஊழியர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள், கருவூலத் துறை, ஐ.ஆர்.எஸ். (ஃபெடரல் வரித் துறை) அதிகாரிகள், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றங்கள், எங்களுக்கு வேலை தரும் நிறுவனங்கள்.

நாங்கள் யார்

நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் மென்பொருள் நிறுவனங்களில், மருத்துவமனைகளில், கிடங்குகளில், கடைகளில், உணவகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாங்கள். எங்களில் குடியுரிமை பெற்றவர்கள் உண்டு. கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்களும் உண்டு. ஓட்டுரிமை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றுபோல வரி கட்டுகிறோம். எங்களில் பலரின் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று மாதாமாதம் பணம் பிடிக்கப்படுகிறது.

அந்தப் பணம் இரண்டு வகைக் கணக்குகளுக்குப் போகிறது. ஒன்று எஃப்.எஸ்.ஏ. (Flexible Spending Account). 1978-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் திறந்துவிட்ட வழியில் வந்தது. நிறுவனம் நடத்துவது. 2026-இல் ஊழியர் இதில் 3,400 டாலர் வரை ஒதுக்கலாம். மற்றொன்று எச்.எஸ்.ஏ. (Health Savings Account). 2003 டிசம்பரில் கையெழுத்தான மெடிகேர் சட்டத்தால் பிறந்தது. டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே செலவழிக்க வேண்டிய தொகை) அதிகமுள்ள காப்பீடு எடுத்தவர்களுக்கானது. 2026-இல் தனிநபர் 4,400 டாலரும் குடும்பம் 8,750 டாலரும் போடலாம். போடும்போதும், அது வளரும்போதும், மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் ஃபெடரல் வரி கிடையாது. வேலை மாறினாலும் கணக்கு நம்மோடு வரும்.

இந்த ஏற்பாடுகளால் எங்கள் குடும்பங்கள் பலன் பெற்றிருக்கின்றன. அதனால்தான் இவற்றின் குறைகள் நீங்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் அடிப்படை நிலைப்பாடு

இந்தக் கணக்குகளில் நாங்கள் போடும் பணம் எங்கள் கூலி. வரிச்சலுகை தந்ததால் அது அரசின் பணமாகிவிடாது. நிறுவனம் கணக்கை நடத்துவதால் நிறுவனத்தின் பணமாகவும் ஆகிவிடாது. கீழே உள்ள கோரிக்கைகள் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்தே எழுகின்றன.

கோரிக்கைகள்

1. எஃப்.எஸ்.ஏ. பணம் ஆண்டு முடிவில் பறிபோகக் கூடாது.

அடுத்த ஆண்டு யாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், யாருக்குப் பல் பிடுங்க வேண்டியிருக்கும் என்று முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கணித்துத் தொகை சொல்லச் சொல்கிறார்கள். கணிப்பு தவறினால் மிச்சம் போய்விடுகிறது. 2013 முதல் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக ஐ.ஆர்.எஸ். அனுமதிக்கிறது, 2026-க்கான உச்சவரம்பு 680 டாலர். அதையும் தருவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் விருப்பம். பறிபோகும் தொகையை நிறுவனமே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது.

ஆண்டின் முதல் நாளிலேயே முழுத்தொகையும் ஊழியருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் விதிதான். முழுவதையும் செலவழித்துவிட்டு ஒருவர் இடையில் விலகினால் நட்டம் நிறுவனத்துக்கு. அதை ஈடுகட்டவே மிச்சம் தேவை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அந்த நட்டம் உண்மைதான். ஆனால் ஒருவர் வைத்த பாக்கியை இன்னொருவர் கூலியிலிருந்து எடுப்பது நியாயமாகாது. அதைத் திட்டத்தின் நிர்வாகச் செலவாக நிறுவனமே ஏற்க வேண்டும்.

முழுத்தொகையையும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையைக் காங்கிரஸ் சட்டமாக்கக் கோருகிறோம். இது நடக்காத காரியம் அல்ல. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், 2020, 2021 ஆண்டுகளின் மிச்சம் முழுவதையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதித்தது. பெருந்தொற்றின்போது முடிந்தது எப்போதும் முடியும்.

2. வேலை போனவரின் எஃப்.எஸ்.ஏ. அவரிடமே இருக்க வேண்டும்.

வேலை போனால், அதற்குப் பிறகான செலவுக்கு எஃப்.எஸ்.ஏ. பணத்தைப் பெரும்பாலும் தொட முடியாது. எச்-1பி ஊழியருக்கு இது இரட்டை அடி: அதிகபட்சம் 60 நாட்களுக்குள் புது வேலை தேட வேண்டும் அல்லது நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தான் கட்டிய தொகையை அவர் குறைந்தது 90 நாட்கள் பயன்படுத்த வழி வேண்டும். அதன் பிறகும் மிஞ்சினால், வரி பிடித்துக்கொண்டு சம்பளமாகத் திருப்பித் தர வேண்டும்.

3. நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ. மீதான மாநில வரியை நீக்க வேண்டும்.

எங்கள் மக்கள் பெருமளவில் வாழும் இந்த இரண்டு மாநிலங்களும் ஃபெடரல் சலுகையை ஏற்கவில்லை. போடும் பணத்துக்கும் வரி, அதில் வரும் வட்டிக்கும் வரி. நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவிலோ இருப்பவர் போடும் அதே தொகைக்கு, நியூ யார்க்கில் இருப்பவர் மாநில வரி கட்டுவதில்லை. ஆண்டுதோறும் கணக்கைத் தனியே பிரித்துக் காட்டும் சுமை வேறு. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதை நீக்கக் கோருகிறோம்.

4. குறைந்த கூலிக்காரருக்கும் சமமான சலுகை வேண்டும்.

37 சதவீத வரி அடுக்கில் உள்ளவர் 1,000 டாலர் போட்டால் வருமான வரியில் 370 டாலர் மிச்சம். 12 சதவீத அடுக்கில் உள்ளவருக்கு 120 டாலர். வருமான வரியே வராத அளவுக்குக் குறைந்த கூலி வாங்குபவருக்கு அந்த வகையில் ஒன்றுமே இல்லை. நோய் வந்தால் அதிகம் நொடிந்துபோகிறவருக்குத்தான் உதவி குறைவாகக் கிடைக்கிறது. எங்கள் மென்பொருள் ஊழியர்களுக்குச் சாதகமான விதி, எங்கள் உணவகத் தொழிலாளர்களைக் கைவிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. போடும் ஒவ்வொரு டாலருக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு வரி வரவு, வரி இல்லாதவருக்குக் கையில் பணமாகவே கிடைக்கும்படி, வேண்டும்.

5. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் டிடக்டிபிளுக்குக் காத்திருக்கக் கூடாது.

தெற்காசியர்களிடம் நீரிழிவும் இதய நோயும் அதிகம். இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, இரத்த அழுத்தக் கருவி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவற்றுக்கு, உரிய நோயுள்ளவர்களுக்கு டிடக்டிபிளுக்கு முன்பே காப்பீடு பணம் தரலாம் என்று 2019-இல் ஐ.ஆர்.எஸ். அறிவித்தது. தந்தாலும் எச்.எஸ்.ஏ. தகுதி போகாது. ஆனால் ‘தரலாம்’ என்பதோடு அது நிற்கிறது. அதைக் கட்டாயமாக்கக் கோருகிறோம்.

6. ஜனவரியிலேயே எச்.எஸ்.ஏ.யில் பணம் போடுங்கள்.

எச்.எஸ்.ஏ.யில் சேர்ந்திருக்கும் அளவுக்குத்தான் எடுக்க முடியும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜனவரியில் கணக்கு காலி. டிடக்டிபிளோ முழுதாக நிற்கும். ஊழியருக்காகத் தரும் ஆண்டுத் தொகையை நிறுவனங்கள் மாதத் தவணையாகப் பிரிக்காமல் முதல் சம்பளத்தோடு போட வேண்டும்.

7. துணைவரின் எஃப்.எஸ்.ஏ. தடையாகக் கூடாது.

கணவர் தன் நிறுவனத்தில் பொது எஃப்.எஸ்.ஏ. எடுத்திருந்தால், அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காத மனைவியும் எச்.எஸ்.ஏ.யில் பணம் போடும் தகுதியை இழக்கிறார். தெரியாமல் போட்டுத் திருத்தாமல் விட்டால் ஆண்டுக்கு 6 சதவீத அபராத வரி. இந்தத் தடையை நீக்க வேண்டும்.

8. ஊரில் இருக்கும் பெற்றோரின் சிகிச்சைக்கும் அனுமதி வேண்டும்.

நம்மை நம்பி வாழும் பெற்றோர் அமெரிக்காவிலோ, கனடாவிலோ, மெக்சிகோவிலோ வசித்தால், உரிய நிபந்தனைகளோடு அவர்கள் மருத்துவச் செலவுக்கு எச்.எஸ்.ஏ.யைப் பயன்படுத்தலாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வசித்தால் முடியாது. அம்மாவின் கண்புரை அறுவைக்கும் அப்பாவின் டயாலிசிஸுக்கும் மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் எங்களில் ஏராளம். வரி கட்டிய பின் மிஞ்சுவதிலிருந்துதான் அனுப்புகிறோம். அண்டை நாடுகளுக்குத் தரும் சலுகையை, முறையான மருத்துவமனை ரசீது காட்டும் எல்லோருக்கும் விரிவாக்கக் கோருகிறோம்.

9. புரியும் மொழியில் விளக்கம் தாருங்கள்.

ஓபன் என்ரோல்மென்ட் (ஆண்டுதோறும் காப்பீட்டையும் கணக்குகளையும் தேர்ந்தெடுக்கும் காலம்) தொடங்கும் முன், எந்தக் கணக்கில் எது பறிபோகும், எது நிலைக்கும் என்பதை ஒரே பக்கத்தில், ஊழியர்கள் பேசும் மொழிகளில் நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

இவற்றில் பலவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும் என்பதை அறிவோம். ஆனால் மூன்றுக்கு நிறுவனம் மனம் வைத்தால் போதும்: அனுமதித்த உச்சவரம்பு வரை எஃப்.எஸ்.ஏ. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல விடுவது, தன் பங்கை ஜனவரியிலேயே எச்.எஸ்.ஏ.யில் போடுவது, புரியும்படி எழுதித் தருவது. வரும் ஓபன் என்ரோல்மென்ட் தொடங்குமுன் இந்த மூன்றையும் எங்கள் எச்.ஆர். துறைகளிடம் எழுத்தில் கேட்போம். பறிபோன தொகை எங்கே போனது என்ற கணக்கையும் கேட்போம். ஓட்டுள்ளவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் மற்றக் கோரிக்கைகளைக் கொண்டுபோவார்கள். ஓட்டில்லாதவர்கள் வரி கட்டுபவர்களாகத் தங்கள் பெயரில் மனு எழுதுவார்கள். கிடைக்கும் பதில்களை எங்கள் சங்கக் கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் படிப்போம். ஒன்பதும் நிறைவேறும்வரை ஒவ்வொரு ஆண்டும் இந்தச் சாசனத்தோடு வருவோம்.