9 மி.மீ.யா, .45-ஆ? அமெரிக்காவின் தீராத ‘தோட்டா’ சண்டையும், இந்தியாவில் .32 வந்த கதையும்

நம்மூர் டீக்கடையில் ‘ரஜினியா, கமலா?’ மாதிரி அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு பஞ்சாயத்து உண்டு. ‘9 மி.மீ.யா, .45-ஆ?’ நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடுகிறது. பழைய ஆட்கள் ‘.45-ல ஒண்ணு பட்டா போதும், ஆள் எழுந்திருக்க மாட்டான்’ என்பார்கள். இளசுகள் ‘ஏழு குண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, இதுல பதினேழு இருக்கே’ என்பார்கள்.

கேட்பதற்கு ரசனை விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு தோட்டா எப்படி ‘ஃபேவரிட்’ ஆனது என்று பின்னோக்கிப் போனால், சுடுகிறவரின் ரசனைக்கு முன்பே ராணுவமும் போலீஸும் சட்டமும் பர்ஸும் முடிவெடுத்துவிட்டது தெரியும். ஆண்டுக்கு 40,000-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் உயிரிழக்கும் நாடு அது. அங்கே எந்த அளவு தோட்டா புழக்கத்தில் இருக்கிறது என்பது சும்மா பொழுதுபோக்குப் பேச்சு இல்லை.

காலிபர்னா என்ன?

துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம்தான் காலிபர். கிட்டத்தட்ட அதுவேதான் அதிலிருந்து பறக்கும் குண்டின் குறுக்களவும். அமெரிக்கர்கள் அங்குலத்தில் சொல்வார்கள். .45 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, அதாவது சுமார் 11.4 மி.மீ. ஐரோப்பியர்கள் நேரடியாக மில்லிமீட்டரில் சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு குழப்பம் வரும். ஒரே குறுக்களவு என்றால் ஒரே தோட்டா என்று அர்த்தமில்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட கோட்சே பயன்படுத்திய பெரெட்டா பிஸ்டலும் ‘9 மி.மீ.’தான். ஆனால் அதன் தோட்டா 9 மி.மீ. கோர்ட்டோ. கூடு 17 மி.மீ. நீளம்தான், மருந்தும் குறைவு. இன்று உலகம் முழுக்க ராணுவமும் போலீஸும் வைத்திருப்பது 9×19. ஜெர்மனியில் கியோர்க் லூகர் உருவாக்கிய இந்தத் தோட்டாவை 1904-ல் அந்நாட்டுக் கடற்படையும் 1908-ல் தரைப்படையும் ஏற்றன. இதற்கு ‘பாராபெல்லம்’ என்று இன்னொரு பெயர். ‘அமைதி வேண்டுமா, போருக்குத் தயாராகு’ என்ற லத்தீன் வாசகத்தின் வால் பகுதி அது.

.45 ஏ.சி.பி. இதற்கு நேர் எதிர் ரகம். பிலிப்பைன்ஸில் நடந்த சண்டைகளில் அமெரிக்கப் படையின் .38 ரிவால்வர்கள், பாய்ந்து வரும் ஆளை நிறுத்தவில்லை என்று புகார் எழுந்தது. அதற்குப் பதிலாக ஜான் பிரவுனிங் வடிவமைத்த தோட்டா இது. 1911-ல் ராணுவம் ஏற்ற எம்1911 பிஸ்டலோடு சேர்ந்து இரண்டு உலகப் போர்களையும் வியட்நாமையும் பார்த்துவிட்டது. வழக்கமான .45 குண்டின் எடை சுமார் 15 கிராம், வேகம் நொடிக்கு 250 மீட்டர் சொச்சம். 9 மி.மீ. குண்டு அதில் பாதி எடைதான், ஆனால் ஒலியை முந்திப் பறக்கும். ஒன்று மெதுவாக வரும் லாரி, இன்னொன்று சீறி வரும் பைக்.

மயாமியில் ஒரு காலை

1986 ஏப்ரல் 11. ஃபுளோரிடாவின் மயாமி அருகே இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவுண்டுகள் வெடித்தன. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டனர்.

விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது. சண்டையின் ஆரம்பத்திலேயே ஓர் அதிகாரியின் 9 மி.மீ. குண்டு கொள்ளையர்களில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போயிருந்தது. இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான்.

பழி 9 மி.மீ. மேல் விழுந்தது. அவன் கையில் இருந்தது ரைஃபிள், அதிகாரிகளில் பெரும்பாலானோர் கையில் கைத்துப்பாக்கி என்பதெல்லாம் அந்தக் கோபத்தில் பின்னால் போய்விட்டது.

எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. மனிதத் தசைக்கு ஈடான ஜெலட்டின் கட்டியில் சுட வேண்டும், குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை உள்ளே போக வேண்டும். முதலில் 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அது உதைத்த உதையில் பலரால் துப்பாக்கியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. எனவே மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் அவ்வளவு நீளக் கூடு எதற்கு? அதை வெட்டிச் சுருக்கியதுதான் 1990-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் கொண்டுவந்த .40. நிறுவனத்தின் முதலெழுத்துகளை வைத்து, 10 மி.மீ. ரசிகர்கள் இதை ‘ஷார்ட் அண்ட் வீக்’ என்று இன்றுவரை கலாய்ப்பார்கள்.

ஆனாலும் 1990-களில் அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசைகட்டி .40-க்கு மாறின. எஃப்.பி.ஐ.யும் 1997-ல் மாறியது. போலீஸ் எதை வைத்திருக்கிறதோ அதைத்தானே ஜனங்களும் வாங்குவார்கள்? கடைகளில் .40 குவிந்தது.

திரும்பவும் 9 மி.மீ.

2014-ல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு ஓர் அறிக்கை தயாரித்தது. அதன் சாரம்: 9 மி.மீ.க்கே திரும்பலாம். 2016-ல் அதற்கான துப்பாக்கி ஒப்பந்தமும் போடப்பட்டது. மயாமிக்குப் பிறகு முப்பது வருஷம் ஊர் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

காரணங்கள் இரண்டு. இந்த இடைவெளியில் குண்டின் வடிவமைப்பு மாறிவிட்டது. முனையில் குழி வைத்த ‘ஹாலோ பாயின்ட்’ குண்டு உடலுக்குள் போனதும் பூப்போல விரியும். நவீன 9 மி.மீ. குண்டு அதே 12-18 அங்குலச் சோதனையைத் தாண்டிவிடுகிறது. அது உண்டாக்கும் காயத்துக்கும் .40, .45 காயத்துக்கும் மருத்துவர்களால்கூட வித்தியாசம் காண்பது கடினம் என்றது அறிக்கை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நிஜத் துப்பாக்கிச் சண்டையில் போலீஸார் சுடுவதில் சராசரியாக 20-30 சதவீதம்தான் இலக்கில் படுகிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. பத்தில் ஏழெட்டு குறி தவறும் என்றால், குண்டு எவ்வளவு பெரிசு என்பதைவிட அடுத்த குண்டை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியாகச் சுட முடிகிறது என்பதுதான் கணக்கு. உதை குறைவான 9 மி.மீ.யில் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள். மேகஸினிலும் கூடுதல் இடம். கிளாக் 17-ல் 17 தோட்டா பிடிக்கும். எம்1911-ல் ஏழுதான்.

‘ஸ்டாப்பிங் பவர்’ என்று சினிமாவிலும் கடை கவுண்டரிலும் அடிபடும் சொல்லுக்கு இங்கே அடித்தளமே ஆடிவிடுகிறது. கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் தூக்கி எறியாது. அந்த அளவுக்கு விசை இருந்தால் சுடுகிறவரையும் அது தூக்கி எறிய வேண்டும், இயற்பியல் அப்படித்தான். ஒருவரை உடனே நிறுத்துவது குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்ற இரண்டும்தான்.

விலை? அதுவும் 9 மி.மீ. பக்கம். உலகம் முழுக்கத் தயாராவதால் இந்த ரகத் தோட்டாக்களில் வழக்கமாக இதுதான் மலிவு. வாராவாரம் பயிற்சிக்குப் போகிறவருக்கு இது பெரிய தொகை. (2020-ல் கொரோனா பீதியில் இதுவும் கடைகளில் காலியாகி விலை தாறுமாறாக ஏறியது வேறு விஷயம்.) இதைவிட மலிவு வேண்டும் என்றால் .22. உதையே தெரியாது, புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இதில்தான் தொடங்குவார்கள். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கும் இதே .22தான். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றதும், 2024 பாரிஸில் மனு பாக்கர் மூன்றாவது பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்ததும் இந்தச் சின்னத் தோட்டாவில்தான்.

சட்டம் மாறினால் ‘ரசனை’யும் மாறும்

1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் ஒரு மத்தியச் சட்டம் அமலில் இருந்தது. பொதுமக்களுக்கான புதிய மேகஸின்களில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. 9 மி.மீ.யின் பெரிய பலமே எண்ணிக்கை. அதைப் பிடுங்கிவிட்டால்? ‘எப்படியும் பத்துதான், அப்போ பெரிய குண்டாவே இருக்கட்டும்’ என்று .40, .45 பக்கம் போவதற்கு நியாயம் கிடைத்தது. சட்டம் காலாவதியானதும் அந்த நியாயமும் போய்விட்டது.

இத்தாலி இன்னும் வேடிக்கை. 9×19 போர்த் தோட்டா என்பதால் அங்கே பொதுமக்கள் அதைப் பயன்படுத்த நீண்ட காலம் தடை. எனவே கூட்டை 2 மி.மீ. நீட்டி, அதே குண்டை வைத்த 9×21-ஐ வைத்துக்கொண்டார்கள். சுடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, சட்டத்தின் கண்ணில் மட்டும் வேறு தோட்டா. 2021-ல் நிறைவேறிய சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது.

அமெரிக்காவில் இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க வேண்டும் என்றால் துப்பாக்கி சிறியதாக இருக்க வேண்டும். 2018-ல் வந்த சிக் சவர் பி365, உள்ளங்கை அளவு உடம்பில் பத்து 9 மி.மீ. தோட்டாக்களை அடக்கியது. முன்பு பாக்கெட் துப்பாக்கி என்றால் .380 போன்ற பலவீனமான தோட்டாதான். இப்போது அந்தப் பாக்கெட்டிலேயே 9 மி.மீ. வந்துவிட்டது.

பாஸ்டன் ஆய்வு கேட்ட கேள்வி

கடைப் பஞ்சாயத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. சுடப்படுகிறவருக்கு காலிபர் என்ன செய்கிறது?

ஆய்வாளர்கள் ஆன்டனி பிராகாவும் பிலிப் குக்கும் பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை குற்றச் சம்பவங்களில் சுடப்பட்ட 367 பேரின் வழக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை குண்டு பட்டது, எங்கே பட்டது, எந்தச் சூழலில் சுட்டார்கள் என்பதில் காலிபருக்கு ஏற்ப பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்தது உயிர் பிழைப்பதில். .22, .25, .32 போன்ற சிறிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால், 9 மி.மீ., .38 பட்டவர் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். .40, .45 போன்றவற்றுக்கு நான்கு மடங்குக்கும் மேல். எல்லாமே சிறிய காலிபராக இருந்திருந்தால் கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கும் என்று 2018-ல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது.

‘மனிதன்தான் கொல்கிறான், துப்பாக்கி இல்லை’ என்பது அமெரிக்காவில் அடிக்கடி கேட்கும் வாதம். கொல்லும் நோக்கம் உள்ளவன் எந்தத் துப்பாக்கியிலும் கொல்வான் என்பது அதன் நீட்சி. பாஸ்டன் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே மாதிரி சுட்டும், கையில் கிடைத்தது எது என்பதைப் பொறுத்து வழக்கு ‘காயம்’ ஆகிறது அல்லது ‘கொலை’ ஆகிறது.

அப்படியானால் எஃப்.பி.ஐ. ‘வித்தியாசம் இல்லை’ என்றதே? அவர்கள் ஒப்பிட்டது விலை உயர்ந்த நவீனக் குண்டுகளை, அதுவும் 9 மி.மீ.க்கு மேற்பட்டவற்றை மட்டும். தெருவில் சுடுகிறவன் கையில் எந்தக் குண்டும் இருக்கலாம். சிறியது என்பதால் .22 பாதுகாப்பானதும் இல்லை. 1968-ல் ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது .22. 1981-ல் அதிபர் ரீகனைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனதும் அதே .22.

இந்தியாவில் ஏன் .32?

இங்கே இந்த விவாதத்துக்கே இடமில்லை, அரசு எப்போதோ முடித்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி, படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்றவை ‘தடை செய்யப்பட்ட போர்’ வகை. அதற்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம் மட்டும்தான். ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா நழுவி வெளியே போனால் பொதுமக்களின் துப்பாக்கியில் அது பொருந்தக் கூடாது என்பதே அடிப்படை. ஆங்கிலேயர் காலத்துப் பயம் இது. 1907-ல் அவர்கள் இந்தியாவில் .450 ரைஃபிள்களைத் தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான். உடனே லண்டன் கம்பெனிகள் .470, .465 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்து வேட்டைக்காரர்களுக்கு விற்றன.

எனவே சாதாரண உரிமதாரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32. கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர் பல பத்தாண்டுகளாக இந்த ஒற்றைச் சந்தைக்காகவே தயாராகிறது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2014-ல் பெண்களுக்கென்று சுமார் 1.22 லட்சம் ரூபாயில் வந்த ‘நிர்பீக்’கும் .32. 2023-ல் வந்த ‘பிரபல்’லும் .32. இந்த ஆலையை நடத்தும் பொதுத்துறை நிறுவனத்தின் கீழேதான் நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் வருகிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவும் கவுண்டரில் வாங்குகிறவருக்கு. கள்ளச்சந்தைக்கு ‘தடை செய்யப்பட்ட போர்’ பட்டியல் தெரியாது. பிகாரின் முங்கேர் மாதிரியான இடங்களில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் அடிக்கடி வரும் அளவு 7.65 மி.மீ. குறுக்களவில் அது ஏறக்குறைய .32 தான். 2015 ஆகஸ்டில் தார்வாடில் எழுத்தாளர் கல்புர்கி அவர் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 2017 செப்டம்பரில் பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் அவர் வீட்டு வாசலில். இரண்டு இடத்திலும் கிடைத்த 7.65 மி.மீ. குண்டுகளையும் கூடுகளையும் தடயவியல் ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்த்தது. சுட்டது ஒரே நாட்டுத் துப்பாக்கி.