மாவட்டத்தைச் சேர்த்தால் மிச்சம் யாருக்கு?

பி.காம். படிக்கிற எங்களுக்கு, இரண்டு கம்பெனிகள் இணைவதைப் பற்றிய பாடத்தில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: இணைந்தால் செலவு குறையும். இரண்டு தலைமை அலுவலகம் எதற்கு, ஒன்று போதுமே! கம்பெனிக்குச் சரி. மாவட்டத்துக்கும் இது பொருந்துமா? எங்கள் பெரம்பலூர், அரியலூர் கதையை வைத்தே பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்து கரூரையும் பெரம்பலூரையும் தனி மாவட்டங்கள் ஆக்கினார்கள். அரியலூர் அப்போது பெரம்பலூருக்குள் இருந்தது. 2001 ஜனவரி 1-ல் கருணாநிதி ஆட்சியில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. அதே வருடம் மே மாதம் ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31-ல் ஜெயலலிதா ஆட்சி அதை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. 2006-ல் திரும்பவும் ஆட்சி மாற்றம். 2007 நவம்பர் 23-ல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டம். ஏழு வருடத்துக்குள் மூன்று தடவை!

சின்ன மாவட்டம் வீண் செலவு என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மக்கள்தொகை 7,54,894. பெரம்பலூர் 5,65,223, அன்று தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு. இரண்டையும் கூட்டினாலும் 13 லட்சத்துச் சொச்சம்தான். இதற்கு இரண்டு கலெக்டர், இரண்டு எஸ்.பி., இரண்டு செட் அலுவலகங்கள். ஆள் குறையக் குறைய தலைக்கு விழும் செலவு கூடும். காஸ்டிங் படித்த யாரும் இதை மறுக்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வேண்டும். அரியலூர் என்றால் சுமார் 35 கிலோமீட்டர். பெரம்பலூர் என்றால் அதைத் தாண்டி இன்னும் 30. கூடுதல் பஸ் காசு, ஓட்டல் சாப்பாடு, போன ஒரு நாள் கூலி. "ஐயா இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் அத்தனையும் இரண்டு மடங்கு. அரசு தன் ஏட்டில் மிச்சம் பிடித்த பணம் இவர் சட்டைப் பையிலிருந்து போகிறது. இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, செலவை அடுத்தவர் தலையில் கட்டுவது. எந்த பட்ஜெட்டிலும் இந்தத் தொகை ஏறாது.

வரவும் மாவட்டக் கணக்கில்தான் வருகிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சுரங்க நிறுவனங்கள் ராயல்டியோடு சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் பணம் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. அதை எங்கே செலவு செய்வது என்ற முடிவு மாவட்ட அளவில் நடக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று அரியலூருக்குக் கிடைத்தது. வெறும் தாலுகா ஊராகவே இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அதற்காக எல்லையைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. எப்படித் தொடுகிறோம் என்பதுதான் விஷயம். ஜெர்மனியில் மெக்லன்பர்க்-ஃபோர்போமர்ன் என்று ஒரு மாநிலம். அங்கே மாவட்டங்களையும் தனி நகரங்களையும் சேர்த்து ஐந்தே பெரிய மாவட்டங்கள் ஆக்க 2006-ல் சட்டம் போட்டார்கள். 2007-ல் அந்த மாநில அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மாவட்டம் அவ்வளவு பெரிதானால், சொந்த வேலையையும் பார்த்துக்கொண்டு கவுன்சிலராக இருப்பவர்களால் பங்கெடுக்க முடியுமா, வேறு வழிகளைச் சரியாக யோசித்தீர்களா என்று கேட்டது. பிறகு வேறு திட்டம் போட்டு 2011-ல் ஆறு மாவட்டம், இரண்டு தனி நகரம் என்று முடித்தார்கள். சேர்ப்பு நின்றுவிடவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் ஊரில் 2019, 2020-ல் மட்டும் ஆறு புது மாவட்டங்கள் வந்து எண்ணிக்கை 38 ஆனது. கும்பகோணம், பொள்ளாச்சி என்று கேட்கிறவர்கள் வரிசையும் நீளம். பிரியுங்கள், சேருங்கள், எதுவானாலும் சரி. அதற்கு முன்னால் அரசுக்கு ஆகும் செலவு, மக்களுக்கு ஆகும் செலவு இரண்டையும் ஒரே தாளில் எழுதி வெளியிடுங்கள். ஊர்க்காரர்களைக் கேளுங்கள். அப்படி எடுத்த முடிவை அடுத்த ஆட்சி வந்ததும் கலைக்காதீர்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

உங்கள் வீட்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர்? ஒரு தடவை போய் வர எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்களேன்.