சிவராஜைத் தெரியாமல் தனித்தொகுதி பற்றிப் பேசாதீர்கள்

போன மாதம் திருவண்ணாமலையில் கல்லூரித் தோழர்கள் பதினைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆடம் கிளேட்டன் பவலைத் தெரியுமா என்றேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். என். சிவராஜை? ஒரு கைகூட எழவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் பாடநூலில் அவர் இல்லை. திராவிட மேடையில் இல்லை. நம் சொந்த மேடையில்கூட ஒரு படமாகத்தான் இருக்கிறார்.

சென்னைச் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். நீதிக்கட்சிக் காலத்தில் மாகாண சட்டமன்றம், 1937 முதல் மத்திய சட்டமன்றம், 1945இல் சென்னை மேயர். பதவிப் பட்டியல் இத்தோடு போதும். நமக்கு முக்கியம் 1942 ஜூலை. நாக்பூரில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அண்ணல் அம்பேத்கரின் அந்த இயக்கத்துக்குத் தலைவரானவர் சிவராஜ். தனி வாக்காளர் தொகுதி வேண்டும், சேரியை ஊரின் பிடியிலிருந்து விடுவிக்கத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று அந்த மாநாடு கேட்டது. இன்று எந்த தனித்தொகுதி உறுப்பினர் இதை வாய்விட்டுக் கேட்பார்?

கேட்க மாட்டார். கோழைத்தனம் மட்டுமே காரணமில்லை, கணக்குதான் காரணம். 1932 பூனா ஒப்பந்தம் நமக்கு இடத்தைக் கொடுத்தது. அந்த இடத்தில் யார் உட்காருவது என்ற முடிவை ஊர்த்தெரு வாக்குகளிடம் கொடுத்தது. அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயில் காங்கிரஸ் நிறுத்திய ஒரு தலித் வேட்பாளரிடம் தோற்றார்.

பவலுக்கு ஹார்லெம் இருந்தது. கறுப்பின மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் 1956இல் சொந்த ஜனநாயகக் கட்சியை மீறி ஐசனோவரை ஆதரித்தும் அவரால் நிற்க முடிந்தது. நிறவெறி நிறுவனங்களுக்கு மத்திய அரசுப் பணம் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் கத்தினார். 1964 சட்டத்தில் அது ஏறியது. அதே அவையில் சிகாகோவின் வில்லியம் டாசனும் இருந்தார். அவரும் கறுப்பர்தான். ஆனால் கட்சி இயந்திரத்தின் ஆள். பவலின் திருத்தத்தையே எதிர்த்தார். கறுப்புத் தொகுதியிலேயே டாசன்கள் விளையும்போது நம் தொகுதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிவராஜ் 1957இல் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். காங்கிரஸ் சீட்டில் அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் பிறந்த இந்தியக் குடியரசுக் கட்சிக்கும் அவரே தலைவர். அவரைப் புனிதராக்கவில்லை. அந்தக் கட்சி துண்டு துண்டானதையும், வட மாவட்டச் சேரிகளில் வேர்விடாமல் போனதையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். (மீனாம்பாள் சிவராஜ் பற்றித் தனியே எழுத வேண்டும், கணவர் பெயரின் வாலாக எழுதினால் அநியாயம்.)

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். செங்கம், வந்தவாசி இரண்டும் தனித்தொகுதிகள். மாநிலம் முழுக்கப் பட்டியல் சாதிக்கு 44. ஆனாலும் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை ஆனது. அதுவும் போலீஸ் காவலோடு. 44 பேரும் ஒரே நாளில் அவையில் எழுந்து நின்றால் எந்த அரசும் நடுங்கும். நிற்க மாட்டார்கள். சீட்டு கொடுப்பது கட்சி, ஜெயிக்க வைப்பது ஊர்த்தெரு. 1985க்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும்.

'நம்ம ஆள் எம்.எல்.ஏ. ஆயிட்டார்' என்று அடுத்த முறை பட்டாசு வெடிக்கும் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவருக்கு சீட்டு கொடுத்தது யார்?