ஃபில்லரும் நூலும் ஒரே நாள்ல: அவசரம் யாருக்கு?

"மத்தியானம் லன்ச் பிரேக்ல வாங்க, பத்து வயசு குறைஞ்சு போங்க." இந்த ரீதியில ஒரு விளம்பரம் ரெண்டு வாரமா என் போனை விடாம துரத்துது. மூக்கு ஓரத்துலேர்ந்து வாய் வரைக்கும் இறங்கற கோட்டுக்கு ஃபில்லர், தொங்கற கன்னத்துக்கு த்ரெட் லிஃப்ட், ரெண்டும் ஒரே சிட்டிங்ல. காம்போ விலை 49,999. மாசக் கடைசி வரைக்கும்தான் ஆஃபராம். மீல்ஸ் வாங்கினா பாயசம் ஃப்ரீங்கற மாதிரி!

எனக்கு எரிச்சல் விலை மேல இல்ல. அந்த "ஒரே சிட்டிங்" மேலதான்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. பொட்டி தட்டிப் பொழைக்கற கூட்டம். ஆனா இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷத்துல உருப்படியா ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஒரு சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம அதுல கை வைக்கற ஆளை நம்பக் கூடாது. ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல இதைப் பத்திப் படிச்சுப் பார்த்தேன். படிக்கப் படிக்கத்தான் கோவம் ஏறிச்சு.

ஃபில்லர்னா என்ன? இன்னிக்குப் பெரும்பாலும் போடறது ஹயலூரானிக் ஆசிட் ஜெல். நம்ம தோல்லயே இருக்கற ஒரு பொருளோட செயற்கை வடிவம். ரெஸ்டிலேனுக்கு அமெரிக்க எஃப்டிஏ 2003 டிசம்பர்ல அனுமதி கொடுத்ததுக்கு அப்புறம்தான் இது பெருசா ஓட ஆரம்பிச்சது. இதோட குணமே தண்ணியை இழுத்து வெச்சுக்கறது. அதனால போட்ட அன்னிக்குக் கண்ணாடில தெரியற முகம் உண்மையான முகம் இல்ல. ஊசி குத்தின வீக்கம், ஜெல் இழுத்த தண்ணி, அங்கங்க ரத்தக் கட்டு எல்லாம் சேர்ந்த ஒரு டிரெய்லர். ஏறக்குறைய ரெண்டு வாரம் போனாத்தான் மெயின் பிக்சர் தெரியும்.

த்ரெட் லிஃப்ட் வேற கதை. 1990கள் கடைசியில மாஸ்கோல சுலமனிட்சேங்கற சர்ஜன் முள்ளு வெச்ச நூலைக் கொண்டு வந்தார். அது கரையாத நூல். இப்ப பரவலா போடறது பிடிஓ, அதாவது பாலிடையாக்சனோன். ஆபரேஷன் தியேட்டர்ல உள்தையலுக்குப் பல வருஷமா பயன்படற, தானா கரையற நூல்தான். ஆறேழு மாசத்துல கரைஞ்சுடும். தூக்கறதுக்குப் போடற நூல்ல பலாப்பழத் தோல் மாதிரி குட்டிக் குட்டி முள்ளு இருக்கும். தோலுக்கடியில நீள ஊசி வழியா விட்டு இழுத்தா, அந்த முள்ளு சதையைக் கவ்விக்கும். கன்னம் மேல ஏறும். மொத ரெண்டு மூணு வாரம் அங்கங்க சுருக்கம், குழி, இழுக்கற வலி எல்லாம் இருக்கும். வாயைப் பெருசா திறக்காதே, குப்புறப் படுக்காதே, முகத்தைத் தேய்க்காதேன்னு டாக்டருங்க சொல்றது இதனாலதான். முள்ளு பிடி விட்டுடக் கூடாதே.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நூல் போட்டா முகத்தைத் தேய்க்கக் கூடாது. ஃபில்லர் போட்டா சில இடத்துல டாக்டரே விரலால அமுக்கி உருவம் கொண்டு வருவார். நேத்து ஃபில்லர் வெச்ச கன்னத்துக்குள்ள இன்னிக்கு நீள ஊசியை நுழைச்சா, இன்னும் உக்காராத ஜெல் நகர வாய்ப்பு இருக்கு. கன்னத்தைத் தூக்கறதுக்கு முன்னாடியே பள்ளத்தை ரொப்பினா, தூக்கினதுக்கு அப்புறம் அந்தப் பள்ளம் அவ்ளோ இருக்காது, ஜெல் மட்டும் அதிகமா நிக்கும். ஊதின மூஞ்சி, ஊதின மூஞ்சின்னு நாம சினிமாக்காரங்களைக் கிண்டல் பண்றோமே, அதுக்கு இந்த அளவுக் கணக்குத் தப்பறதும் ஒரு காரணம்.

அதனாலதான் நிறைய டாக்டருங்க முதல்ல தூக்கிட்டு, ரெண்டுலேர்ந்து நாலு வாரம் விட்டு, முகம் எங்க நிக்குதுன்னு பார்த்து, அப்புறம் தேவைப்பட்ட இடத்துல மட்டும் ஃபில்லர் வைக்கறாங்க. ஃபில்லர் ஏற்கனவே போட்டாச்சுன்னா அது உக்கார அதே மாதிரி ரெண்டு வாரமாவது, முடிஞ்சா நாலு வாரம் விட்டுட்டு நூல். உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரே எண் கிடையாது. ஆளுக்கு ஆள், நூலுக்கு நூல், இடத்துக்கு இடம் மாறும். ஆனா அந்த எண்ணை முடிவு பண்ண வேண்டியது முகத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர். மாசக் கடைசி டார்கெட் இல்ல.

எங்க தொழில்ல ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பெரிய மாற்றத்தை ஒண்ணா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தினா, எது உடைச்சதுன்னு ராத்திரி முழுக்கத் தேடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்தற புண்ணியவான் இருந்தா கேக்கவே வேணாம் :-) ஆனா எங்களுக்கு பழைய வெர்ஷனுக்குத் திரும்பற வழி இருக்கு. முகத்துக்கு?

ஹயலூரானிக் ஆசிட் ஃபில்லருக்கு ஓரளவு இருக்கு. ஹயலூரானிடேஸ்ங்கற என்சைமை ஊசியில போட்டா ஜெல் கரையும். ரேடியஸ் மாதிரி கால்சியம் வகை, ஸ்கல்ப்ட்ரா மாதிரி பாலிலாக்டிக் வகை எல்லாம் அதுக்குக் கரையாது. இப்ப யோசிங்க. ஒரே நாள்ல ரெண்டும் போட்டு, நாலாம் நாள் கன்னம் சிவந்து சூடா வீங்குது. நூல் வழியா வந்த தொற்றா? ஜெல்லுக்கு உடம்பு காட்டற எதிர்ப்பா? வெறும் சாதாரண வீக்கமா? எதைக் கரைக்கறது, எதை உருவறது? ரெண்டு வாரம் விட்டிருந்தா இந்தக் கேள்வியே பாதியாக் குறைஞ்சிருக்கும்.

இன்னும் பயமான விஷயம் ரத்தக் குழாய். ஃபில்லர் தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள்ள போனா, அடைபட்ட இடத்துல தோல் வெளுக்கும், திட்டுத்திட்டா நிறம் மாறும். சில சமயம் கண்ணுக்குப் போற குழாய் அடைபட்டுப் பார்வையே போகும். 2015ல உலக மருத்துவ இதழ்களைத் தேடித் தொகுத்த ஒரு ஆய்வுல அப்படிப் பார்வை பாதிச்ச 98 கேஸ் இருந்தது. அரிதுதான், இல்லேங்கல. ஆனா வந்துட்டா ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அதைக் கண்டுபிடிக்க முதல் அடையாளம் தோல் வெளுக்கறது. இங்கதான் சிக்கல். நூல் போடறதுக்கு மரத்துப் போற ஊசி போடுவாங்க, அதுல பல சமயம் அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலினும் தோலை வெளுக்கத்தான் வைக்கும். அடுத்த அரை மணில அதே கன்னத்துல ஃபில்லர் போட்டா, அந்த வெளுப்பு மருந்தாலயா, அடைப்பாலயான்னு எப்படிப் பிரிக்கறது? அனுபவசாலி பிரிப்பார். காம்போ கடையில இருக்கறது அனுபவசாலியா?

"ரெண்டும் ஒரே நாள்ல செய்யற நல்ல டாக்டரும் இருக்காங்களே"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. இருக்காங்க. வேற வேற இடத்துல, வேற வேற ஆழத்துல, கைல ஹயலூரானிடேஸ் வெச்சுக்கிட்டு, எந்த நூல் எங்க போச்சுன்னு எழுதி வெச்சுக்கிட்டு செய்யறவங்க. அவங்களோட எனக்குச் சண்டை இல்ல. அது ஒரு ஆளோட முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு. நான் திட்டறது, முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே விலைப் பட்டியல்ல எடுத்த முடிவை.

எங்க டீம்ல ஒரு அக்கா. வயசு 43. (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், பேரு வேணாம்.) ஒரு வருஷமா காலங்கார்த்தால எழுந்து ஓடி 14 கிலோ குறைச்சாங்க. உடம்பு இறங்கிச்சு, கூடவே கன்னமும் இறங்கிடுச்சு. "தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, கூட வாயேண்டி"ன்னாங்க. போனோம். டாக்டர் வரல. டேப்லெட்டோட ஒரு பொண்ணு வந்து "கவுன்சிலர்"னு அறிமுகம் பண்ணிக்கிச்சு. ஃபாரத்துல பேரு, போன் நம்பர், எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது... அவ்ளோதான்.

அக்காவே கேட்டாங்க. "ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள்மா விடணும்?"

"அதெல்லாம் அந்தக் காலம் மேடம். இப்ப எல்லாமே சேம் டே. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள புக் பண்ணிட்டீங்கன்னா நல்லது."

அக்கா போன வருஷம் வேற இடத்துல ஃபில்லர் போட்டிருக்காங்க. என்ன ஃபில்லர், எந்த இடத்துல, எத்தனை எம்எல், எப்போ, ஒண்ணையும் அங்க யாரும் கேக்கல. இத்தனைக்கும் சில பேருக்கு வருஷக் கணக்குல ஜெல் உள்ளயே இருக்கறது எம்ஆர்ஐல தெரிஞ்சிருக்கு. ஆறு மாசத்துல கரைஞ்சுடும்னு சொல்லி வித்தது அப்படியே உக்காந்திருக்கலாம். அதுக்குள்ளதான் அடுத்த ஊசி போகப் போகுது.

வெளியே வந்து ஆட்டோல ஏறினதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "வீட்டுல யாருக்கும் தெரியாதுடி. மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

இப்ப என் கோவம் இன்னொரு பக்கம் திரும்புது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?", "கடவுள் கொடுத்த முகம் போதாதா?"ன்னு தத்துவம் பேசற மகானுங்க பக்கம். ஐயா, தலைக்கு டை அடிச்சுக்கிட்டு இதைச் சொல்லாதீங்க. நீங்க கேலி பண்றதால யாரும் போடாம இருக்கறதில்ல. மறைச்சுப் போடறாங்க. மறைக்கறதால அடுத்த டாக்டர்கிட்ட சொல்றதில்ல. பல் டாக்டர்கிட்ட கூட சொல்றதில்ல. ஃபில்லர் போட்ட ரெண்டு வாரத்துக்குப் பல் வேலை வேணாம், வாய்க் கிருமி ரத்தத்துல கலந்து ஜெல்லைப் போய்ச் சேரலாம்னு எச்சரிக்கை இருக்கு. அதைச் சொல்ல முடியாம வாயைத் திறந்து உக்காந்திருக்கற பொண்ணோட ஆபத்துல உங்க கேலிக்கும் பங்கு இருக்கு. இடைவெளின்னா நாள் கணக்கு. என்னிக்குப் போட்டோம்னு வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்துல எந்தக் கணக்கு நிக்கும்?

சட்டம் என்ன பண்ணுதுன்னு பார்த்தா அதுவும் நொண்டி அடிக்குது. இங்கிலாந்துல 2013ல புரூஸ் கியோ தலைமையில ஒரு அறிக்கை வந்தது. கத்தி வைக்காத அழகு சிகிச்சைக்குப் போறவங்களுக்கு, பால்பாயின்ட் பேனா வாங்கறவங்களை விட அதிகப் பாதுகாப்பு ஒண்ணும் இல்லேன்னு போட்டு உடைச்சாங்க. அதுக்கு அப்புறமும் 18 வயசுக்குக் கீழ அழகுக்காக ஃபில்லர் போடக் கூடாதுன்னு அங்க நடைமுறைக்கு வர 2021 அக்டோபர் ஆச்சு. நம்ம ஊர்ல 2022ல தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்த்ததோ ஒரு ஒர்க்‌ஷாப்ல உக்காந்ததோ அழகு சிகிச்சை செய்யத் தகுதி ஆகாதுன்னு எழுதினாங்க. அதை எழுத வேண்டிய நிலைமை வந்திருக்குன்னா பார்த்துக்கோங்க.

இவ்ளோ அவசரமா போட்டு வாங்கறது எவ்ளோ நாளைக்கு? 2019ல ஏஸ்தெட்டிக் சர்ஜரி ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வு, முள்ளு நூல் போட்ட 160 பேரைப் பார்த்தது. ஒரு வருஷம் கழிச்சு முன்னேற்றம்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சல. மூணுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு சிக்கல், பெரும்பாலும் சின்னதுதான். இதுக்காகப் போடவே கூடாதுன்னு நான் சொல்லல. ஒரு வருஷத்துக்குள்ள போயிடற சமாசாரத்துக்கு நாலு வாரம் காத்திருக்க நேரமில்லேன்னு சொல்றவன் யாருக்காக அவசரப்படறான்னு மட்டும் கேக்கறேன்.

அக்கா இப்ப வேற ஒரு தோல் டாக்டர்கிட்ட போறாங்க. அந்தம்மா முதல்ல கேட்டது, "பழைய ஃபில்லரோட ஸ்டிக்கர் இருக்கா?" சிரிஞ்சோட லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வரும், உரிச்சு நம்ம ஃபைல்ல ஒட்டறதுக்குன்னே கொடுக்கறது. பழைய இடத்துல அதைக் கொடுக்கவே இல்ல. கேட்டு வாங்கிட்டு வாங்க, அதுவரைக்கும் ஊசியைத் தொட மாட்டேன்னுட்டாங்க.

அக்காவோட தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம். டாக்டர் போட்ட கணக்கு இது: ஐப்பசி ஆரம்பத்துல நூல். கார்த்திகைல முகத்தைப் பார்த்துட்டு, வேணும்னா மட்டும் ஃபில்லர். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டணும். மார்கழி பூரா முகத்துல யாரும் கை வைக்கக் கூடாது. "மார்கழில எப்படியும் நல்ல காரியம் எதுவும் பண்ண மாட்டோமே டாக்டர்"னு அக்கா சொல்ல, அந்தம்மா சிரிச்சுட்டாங்களாம்.

தீபாவளி காம்போ ஆஃபர் மெசேஜ் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு. ப்ளாக் பண்ணினா வேற நம்பர்லேர்ந்து வருது :-(