உறங்காத நரம்புகள்

சிவாலயங்களில் அர்த்தசாம பூஜை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து நடை சாத்துவர். அதன்பின் திருப்பள்ளியெழுச்சி வரை மணியோசையும் இல்லை, மேளமும் இல்லை. திருமூலர் கோயிலாகக் கண்ட இவ்வுடம்புக்கும் இரவுதோறும் அத்தகைய அமைதி தேவை. நலமுள்ளவர் உறங்கும்போது இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்கிறது. இதயம் இளைப்பாறும் வேளை அது.

சிலருக்கு இந்த இளைப்பாறுதல் வாய்ப்பதில்லை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. உரத்த குறட்டை சட்டென்று நின்றுவிடும். 10 விநாடியோ, அதற்கு மேலோ மூச்சே இராது. பிறகு ஒரு திணறலுடன் மூச்சு மீளும். 'ஸ்லீப் ஆப்னியா' என மருத்துவர் கூறும் உறக்க மூச்சுத்தடை இதுவே. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 முறைக்கு மேற்பட்டால் நோய் கடுமையானது எனக் கொள்வர்.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள ஒரு சிற்றுறுப்பு அதனை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. ஆபத்துக் காலத்தில் உடலை முடுக்கும் பரிவு நரம்பு மண்டலம் உடனே எழுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு மீளும் தறுவாயில் இரத்த அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. நடை சாத்திய கோயிலில் இரவெல்லாம் மணி அடிப்பதற்கு ஒப்பானது இது. விடிந்த பின்னும் அவ்வேகம் தணிவதில்லை. பகலில் விழித்திருக்கும்போதும் இந்நோயாளிகளின் பரிவு நரம்புகள் மிகையாக இயங்குவதை 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நரம்புத் துடிப்பைப் பதிவு செய்து காட்டினர். மூன்று வகை மாத்திரை உட்கொண்டும் இரத்த அழுத்தம் அடங்காதவர்களில் பலருக்கு இத்தடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாளி இதனைத் தாமாக அறியார். காலைத் தலைவலியையும், உபந்நியாசம் கேட்கையில் கண் சொருகுவதையும் முதுமையின் மேல் ஏற்றிவிடுவார். அறிந்தவர் அருகில் படுத்திருக்கும் துணைவியார் ஒருவரே. மூச்சு நின்ற கணங்களில் அவர் பதைத்து எழுந்து அமர்ந்திருப்பார். ஆனால் மருத்துவர் முன் கணவரின் குறட்டையைச் சொல்லக் கூசி மௌனம் காப்பார். கூச்சம் வேண்டுவதில்லை, மருத்துவருக்கு மிகவும் பயன்படும் சாட்சியம் அவருடையதே.

ஓரிரவு உறக்கப் பரிசோதனை நோயைக் காட்டிவிடும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி இன்று நம் நகரங்களிலும் கிடைக்கிறது. உடல் எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் துணைபுரியும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்வது தடையை மிகுவிக்கக்கூடும். கருவியைப் பயன்படுத்துவோரும் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமன்று. கும்பகர்ணனுக்கும் உறக்கம் கேடாகவே வாய்த்தது. இன்றிரவு அருகில் உறங்குபவரின் மூச்சைச் சற்றுச் செவிமடுத்து, கேட்டதை அடுத்த முறை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுதல் நலம்.