லேபிளும் சரக்கும்



1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் டி.வி. வீடியோ கேமை வெளியிட்டது. அதன் சாயலில் வந்த மலிவுப் பெட்டிகளும் கேசட்டுகளும் நம் ஊர்க் கடைகளிலும் விற்றன. '9999 இன் 1' என்று லேபிள் இருக்கும். போட்டால் கொஞ்ச விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும்.

பழைய பெட்டிகளுக்கு இன்றும் பிரியர்கள் உண்டு. ஆர்வலர்கள் சிலர் ஃபிளாஷ் சிப்பை சாலிடர் வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து விளையாட்டை ஏற்றி, வீட்டிலேயே கேசட் செய்கிறார்கள். இக்கைத்திறனை நாம் பாராட்டுகிறோம். ஆனால், விற்பனைக்குக் கொள்முதல் செய்யுமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டாக வேண்டும்.

முதலாவது, மின்சாரம். ஃபேமிகாம் 5 வோல்ட்டில் ஓடுவது. இன்றைய ஃபிளாஷ் சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கானவை. இடையில் வோல்ட்டேஜைச் சரிசெய்யும் சிப் போடாமல் நேரே இணைத்தாலும் அன்றைக்கு ஓடும்; நாளடைவில் கேசட்டும், வாடிக்கையாளரின் பெட்டியும் கெட வாய்ப்புண்டு. சில ரூபாய் மிச்சத்துக்காகச் செய்யும் இவ்வேலை மிளகாய்த்தூளில் செங்கல் தூள் கலப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, உரிமை. பிறர் விளையாட்டின் திருட்டுப் பிரதியைத் தெரிந்தே விற்றால், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. செய்தவர் தாமே எழுதியது, அல்லது உரிமை பெற்றது என்றால் தடையில்லை.

இவ்விரண்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குபவரின் சரக்கு நமக்கு வேண்டாம். கேசட்டைப் பிரித்துப் பார்க்க முடியாத வாடிக்கையாளர், நம் கடையை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.